ஊர் பார்க்காத ஊர் மீன்

துருவத்துப் பனிக்கடல் ஓரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் தண்ணீர் குழாயில் வருவதில்லை, லாரியில் வரும். அந்த லாரியை ஓட்டியவள் ஈவாலு. வீட்டுச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் தொட்டியின் வாயில் குழாயை மாட்டிவிட்டு, தொட்டி நிறையும்வரை சும்மா நிற்க அவளால் முடியாது. உள்ளே வந்துவிடுவாள். என்ன சமைக்கிறாய், யார் வந்திருக்கிறார்கள், அந்த நாற்காலியின் கால் எப்படி உடைந்தது, உன் மருமகன் ஏன் நேற்று தன் அம்மா வீட்டில் தூங்கினான்? தொட்டி நிறைந்தபிறகும் அவளிடம் ஒரு கேள்வி பாக்கி இருக்கும். ஒருமுறை இப்படி ஒரு பதிலுக்காகக் காத்து நின்றதில் தண்ணீர் வழிந்து, வீட்டைச் சுற்றி உறைந்து, வசந்தம்வரை அந்தக் குடும்பம் கண்ணாடிப் பெட்டிக்குள் குடியிருந்தது. காற்று உள்ளே வராததால் நல்லதாகப் போயிற்று என்று அவர்களே சொன்னார்கள். நம்ப முடியாதவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம்.

ஒரு குளிர்காலத்தில் அவளுக்கு மீனைப் பற்றிக் கேள்வி வந்தது.

நாங்கள் நிலத்துக்காக அரசாங்கத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் கடலுக்கும் இடம் உண்டு. அதைக் காட்டித்தான் எங்கள் கரைக்கு எதிரே ஆழத்தில் கிடக்கும் தட்டைமீனில் ஊருக்கென்று ஒரு கோட்டா வாங்கினோம். வாங்கிவிட்டோம், பிடிக்கக் கப்பல் இல்லை. கப்பல் வைத்திருந்த கம்பெனி தெற்கே இருந்தது. அவர்கள் எங்கள் பங்கையும் சேர்த்துப் பிடித்து, கப்பலிலேயே உறையவைத்து, வேறு தேசத்துத் துறைமுகத்தில் இறக்கிவிட்டு, எங்கள் வேட்டைக்காரர் சங்கத்துக்கு ஒரு தொகையை அனுப்புவார்கள். சங்கத் தலைவர் ஜேபூட்டி அதை ஊர் ரேடியோவில் அறிவிப்பார். இந்த வருஷம் நம் மீனால் பொது ஃப்ரீசருக்குப் புது மோட்டார் வந்தது, வேட்டைக்குப் போகிறவர்களுக்குப் பெட்ரோல் வந்தது என்று படிப்பார். எல்லோரும் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வோம்.

அன்றைக்கு லாரியில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஈவாலுவுக்கு, நம் மீன் என்கிறார்களே, அதன் மூஞ்சி எப்படி இருக்கும் என்று தோன்றிவிட்டது. வீடு வீடாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசாரித்தாள். கதவு அகலம் இருக்கும் என்றார் ஒருவர். இரண்டு கண்ணும் ஒரே பக்கம் என்றார் இன்னொருவர். மேல் தெருவில் ஒரு கிழவர், அப்படி ஒரு மீனே கிடையாது, மோட்டார் விற்கிறவன் கட்டிவிட்ட கதை என்றார். கடைசித் தொட்டியும் நிறைந்தபோது அவளுக்கு ஒன்று புரிந்தது. ஊருக்குச் சொந்தமான மீனை ஊரில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

நேராகச் சங்க அலுவலகத்துக்குப் போனாள்.

“மகனே, நம்ம மீனை நீ பாத்திருக்கியா?”

ஜேபூட்டிக்கு அறுபது தாண்டிவிட்டது. ஈவாலு அவரைவிட இருபது வயதுக்கு மேல் சின்னவள். ஆனால் அவருடைய அம்மா இறந்த கையோடு பிறந்தவள் என்பதால் அந்த அம்மாவின் பெயரை இவளுக்கு வைத்தார்கள். பெயர் வந்தால் உறவும் கூடவே வந்துவிடும். இவள் தொட்டில் பிள்ளையாக இருந்தபோதே அவர் இவளை மடியில் வைத்துக்கொண்டு ‘அம்மா’ என்று கொஞ்சியிருக்கிறார். அன்றிலிருந்து இவள் சொல்வதைத் தட்டுவது அவருக்குக் கஷ்டம்.

“படத்துல பாத்திருக்கேம்மா.”

“படத்துல நான் யானையக்கூடப் பாத்திருக்கேன். யானை என்னோடதுன்னு ரேடியோவுல படிக்கிறேனா?”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நம் பங்கில் ஒரு துண்டையாவது நம் கையால் பிடிக்க வேண்டும், பனியில் துளை போட்டு இங்கிருந்தே பிடிக்கலாம், அந்த வேலையை முதலில் நானே செய்கிறேன் என்றாள். அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். வரும் வசந்தத்தில் பங்கீட்டு வாரியம் நம் ஊருக்கே வந்து கூடப்போகிறது. யார் யார் எவ்வளவு பிடிப்பது என்று அடுத்த ஐந்து வருஷத்துக்கும் அப்போதே முடிவாகிவிடும். ஊருக்கென்று ஒரு துண்டை ஒதுக்கச் சொன்னால், உங்களுக்கு அந்த மீனைப் பிடிக்கத் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியும் என்பதற்கு இந்தக் குளிர்காலத்திலேயே பிடித்து, எடை போட்டுக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஐந்து வருஷத்துக்கு அந்தப் பேச்சே கிடையாது.

“காட்டறேன்” என்றாள் ஈவாலு.

விண்ணப்பத்தில்தான் முதல் சிக்கல். எவ்வளவு மீன் பிடிப்பீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. இவ்வளவு பிடிப்பேன் என்று முன்கூட்டிச் சொல்கிறவர்கள் எங்களில் கிடையாது. சொன்னால் மீனுக்குக் கேட்டுவிடும், வராது. ஜேபூட்டி பேனாவை வைத்துக்கொண்டு, ஒரு நம்பர் போடு அம்மா, எந்த நம்பரானாலும் சரி என்று கெஞ்சினார். நீயே போடு பார்ப்போம் என்றாள். அவரும் வேட்டைக்காரர்தானே, போடவில்லை. கடைசியில் ‘கிடைப்பது’ என்று எழுதி அனுப்பினார்கள். வாரியம் என்ன நினைத்ததோ, பத்து டன்னுக்கு மிகாமல் சோதனையாகப் பிடிக்கலாம் என்று அனுமதி கொடுத்து, எடை போட்டுச் சாட்சி சொல்ல டேரன் என்பவரையும் அனுப்பியது. தெற்கே நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்காரர். கனத்த மீசை, வெளியே வந்தால் அது முதலில் வெள்ளையாகிவிடும்.

ஈவாலுவின் புருஷன் மோசசீ, நீளக் கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டில் கட்டிக் கொடுத்தார். கடற்பனியில் துளை போட்டு, கயிற்றின் நுனியில் ஒரு தகரப் பலகையைக் கட்டி இறக்கினால், அடியில் ஓடும் நீரோட்டம் பலகையை இழுத்துக்கொண்டு போய்த் தூண்டிலைக் கடலடியில் விரித்துவிடும். கொக்கிகளில் கணவாய்த் துண்டு. பிறகு கூடாரத்துக்குள் டீயும் ரொட்டியும் சீல் எனும் கடல்நாயின் இறைச்சியும். அந்த இடத்தில் கடலுக்கு ஆழம் அதிகம். எவ்வளவு என்று கேட்டால், கயிற்றை இறக்க ஆரம்பித்தபோது மோசசீக்குத் தாடி இல்லை என்பதுதான் எனக்குத் தெரியும்.

கயிற்றை மேலே இழுக்கும் கைராட்டினத்தை இருவரும் மாற்றி மாற்றிச் சுற்றினார்கள். முதலில் வந்தது ஒரு சுறா, தூண்டிலைச் சால்வை மாதிரிப் போர்த்திக்கொண்டு. எங்கள் கடல் சுறாவுக்குச் சாவு சீக்கிரம் வராது. இது எங்கள் கொள்ளுத்தாத்தாக்களை ஒவ்வொருவராக அடியிலிருந்து பார்த்து வைத்திருக்கும் வயது. அதை அவிழ்த்து, மன்னிப்புக் கேட்டு, திரும்ப இறக்கிவிட்டார்கள். அதற்குப் பின்னால் கறுப்பாக ஒன்று துளை வழியாக வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் வரிசையாக.

ஈவாலு ராட்டினத்தை விட்டுவிட்டுப் பனியில் குப்புறப் படுத்தாள். மீனோடு முகத்துக்கு முகம். ஒரு கண் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மற்றொன்று நெற்றியின் விளிம்புவரை ஏறி வந்து, அங்கிருந்து அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தது.

“அச்சு அசலா உன்னை மாதிரியே இருக்கு” என்றார் மோசசீ. “எந்த வீட்டுக்குள்ள எட்டிப் பாக்குதோ.”

அவள் அதற்குக் கோபப்படவில்லை. எழுந்து வயர்லெஸ் ரேடியோவை எடுத்து, கிடைத்துவிட்டது, வாருங்கள் என்று ஊருக்குச் சொன்னாள்.

இங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஒருவர் முதல்முதலாகப் பிடிப்பது எதுவானாலும் அது அவருடையது இல்லை. முதல் சீல், முதல் வாத்து, முதல் மீன், எல்லாம் ஊருக்கு. பிடித்தவர் ஒரு துண்டுகூட வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்துக்கொண்டால் இரண்டாவது வராது. ஐம்பது வயதில் பிடித்தாலும் முதல் என்றால் முதல்தான். தட்டைமீன் விஷயத்தில் ஈவாலு மட்டும் இல்லை, ஊரே புதிது. ஆகவே பனிவண்டிகள் வரிசையாக வந்தன. முதல் மீன், ஈவாலு பிறந்தபோது கையில் ஏந்திய மருத்துவச்சி ஓலீப்பாவுக்கு. அடுத்தது ஜேபூட்டிக்கு, மகன் என்ற முறையில். பிறகு விதவைகளுக்கு, பிள்ளைக்காரிகளுக்கு, வந்தவர்களுக்கு, வராதவர்களுக்கு. நானும் ஒன்று வாங்கினேன். அத்தனை கொழுப்பு, வாணலியில் எண்ணெயே விட வேண்டியிருக்கவில்லை.

எடை போட வேண்டியவர் அப்போது ஊரில், அடுப்போரம் தராசுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். அதன் பேட்டரி உறைந்துவிட்டது. டேரன் தராசோடு வந்து சேர்ந்தபோது பனியில் கொஞ்சம் இரத்தமும் இரண்டு அண்டங்காக்கைகளும் இருந்தன. யாரோ அவருக்கென்று எடுத்துவைத்திருந்த மீனைக் கையில் கொடுத்தார்கள். வேண்டாம் என்பது மரியாதை இல்லை என்று அந்த மனிதருக்குத் தெரியும். அன்று இரவே ஜேபூட்டி வீட்டில் அது வெண்ணெயில் பொரிந்தது.

போகட்டும், நாளைக்கு இரண்டாவது பிடி, அதை எடை போடலாம் என்று ஈவாலு சொன்னாள். அவளுக்குக் கவலையே இல்லை. ஆனால் மறுநாள் தென்மேற்குக் காற்று வந்தது. பனித்தளம் கரையை விட்டுப் பிளந்து, கூடாரம், ராட்டினம், ஆயிரங்கால் தூண்டில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிரீன்லாந்துப் பக்கம் கிளம்பிவிட்டது. நல்லவேளை, அதில் ஆள் யாரும் இல்லை. திரும்பப் பனி கெட்டிப்படுவதற்குள் வாரியத்தின் விமானம் வந்து இறங்கியது.

பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கூட்டம். வாரியத் தலைவி லீட்டியா, எங்கள் ஆள்தான், வடக்கே வேறு ஊர்க்காரி. கப்பல் கம்பெனியின் ஆள் டை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எடுத்த எடுப்பிலேயே ஜேபூட்டி எழுந்து, விண்ணப்பம் போட்டவள் தன் அம்மா என்பதால் சங்கத்தின் சார்பில் தான் பேசுவது முறையாகாது என்று சொல்லி நாற்காலியைத் தள்ளி வைத்துக்கொண்டார். கப்பல்காரர் அவருடைய நரைத்த தலையைப் பார்த்தார், ஈவாலுவைப் பார்த்தார், தன் காகிதத்தில் ஏதோ எழுதப் போய் நிறுத்திவிட்டார்.

முதலில் டேரன் சாட்சி சொன்னார். நேர்மையான மனிதர். எடை போட்டது பூஜ்யம், கண்ணால் பார்த்தது ஒன்று, அதையும் தின்றுவிட்டேன் என்றார்.

லீட்டியா ஈவாலுவிடம் கேட்டாள், எவ்வளவு பிடித்தாய் என்று.

“அது ஒண்ணுமில்லைங்க. குட்டி மீனுங்க, நாலஞ்சு இருக்கும். சொல்லிக்கிற மாதிரி இல்ல.”

வேறு எப்படிச் சொல்வாள்? பிடித்ததைப் பெரிதாகப் பேசுகிறவளை மீனும் மதிக்காது, மனிதரும் மதிக்கமாட்டார்கள். அப்படியானால் வாங்கியவர்களைக் கேட்போம், நம் மக்கள் வாயால் சொல்வதையும் வாரியம் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும் என்றாள் லீட்டியா. பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். இங்கே இன்னொரு வழக்கம் இருக்கிறது. கொடுத்தவர் சிறிதாக்கிச் சொன்னால் வாங்கியவர் பெரிதாக்கிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நன்றிகெட்டவர். ஓலீப்பா இரண்டு கையையும் விரித்து, போதாமல் பக்கத்தில் இருந்தவரின் கையையும் சேர்த்து விரித்துக் காட்டினாள். தன் மீனின் வால் சறுக்குவண்டிக்கு வெளியே தொங்கி வழியெல்லாம் பனியில் கோடு போட்டது என்றாள். எனக்குக் கிடைத்தது அதைவிடப் பெரியது என்று நான் சொன்னதாக ஞாபகம். எல்லோரும் சொல்லி முடித்ததும் வாரியத்தின் குமாஸ்தா கூட்டிப் பார்த்தார். அனுமதித்த பத்து டன்னை எப்போதோ தாண்டிவிட்டது.

கப்பல்காரர் எழுந்தார். இந்தப் பெண்மணி ஒன்று எதுவும் பிடிக்கவில்லை, அல்லது சட்டத்தை மீறிப் பிடித்திருக்கிறார், இரண்டில் எது என்று வாரியமே தீர்மானிக்கட்டும் என்றார். எங்கள் நன்றியே அவளைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டிருந்தது. ஓலீப்பா விரித்த கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள்.

அந்த ஆளைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அடுத்து அவர் கேட்டது நியாயமான கேள்வி. கோட்டா என்பது வியாபாரத்துக்குக் கொடுப்பது. இவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள். நாளைக்கும் இப்படித்தான் செய்வார்கள் என்றால் அந்த மீன் கடலிலேயே கிடந்து வீணாகும், ஃப்ரீசருக்கு மோட்டாரும் வராது. ஜேபூட்டி தரையைப் பார்த்தார். அவருக்கும் உள்ளே அதே பயம்தான்.

லீட்டியா ஈவாலுவைப் பார்த்தாள். ஈவாலு எழுந்து நின்றாள்.

“முதல் பிடி நம்மளோடது இல்ல. ரெண்டாவதத்தான் விக்க முடியும். எனக்கு ரெண்டாவது இன்னும் வரல, பனி உடைஞ்சுபோச்சு. வந்தா எடை போடுவேன், விப்பேன். ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். இவங்க கப்பல் இத்தனை வருஷமா நம்ம மீனப் பிடிக்குதே, அதோட முதல் பிடியை யாருக்குக் குடுத்தாங்க?”

மடக்குவதற்காகக் கேட்டாள் என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அவளைத் தெரியும். தொட்டி நிறையும்போது நாற்காலிக் காலைப் பற்றிக் கேட்பாளே, அதே முகம்தான். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அவளுக்கு.

கப்பல்காரர், அது பழைய விஷயம், அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேளுங்கள், காத்திருக்கிறோம் என்றாள் லீட்டியா. அவர் வராந்தாவுக்குப் போய் போனில் பேசினார். உள்ளே டீ ஊற்றினார்கள். திரும்பி வந்தவர், யாருக்கும் கொடுத்ததாகத் தெரியவில்லை என்றார். அப்போதுதான் அவருக்கே அது ஒரு மாதிரியாகப் பட்டிருக்க வேண்டும், டையைத் தளர்த்திக்கொண்டார்.

“எங்க ஊர்லயும் இதே வழக்கம்தான்” என்றாள் லீட்டியா அவரிடம், ரொம்ப அன்பாக. “முதல் பிடியக் குடுக்காதவரை வேட்டைக்காரர்னு சொல்லமாட்டோம். இன்னும் ஆரம்பிக்கலன்னுதான் சொல்லுவோம்.”

வாரியம் தனி அறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தது. ஊர்ப் பங்கில் ஒரு துண்டு ஈவாலுவுக்கும் அவளைப்போலப் பனியில் பிடிக்க வருகிறவர்களுக்கும். சின்னத் துண்டுதான். அதுவும் அடுத்த குளிர்காலம் முடிவதற்குள் இங்கேயே கரைசேர்த்து, டேரன் தராசில் ஏற்றி, பத்து டன்னைக் காட்டியாக வேண்டும். காட்டினால் ஐந்து வருஷமும் அவர்களுடையது, குறைந்தால் திரும்பக் கப்பலுக்கே. ஈவாலு தலையாட்டினாள். அந்த நம்பரை அவள் சொல்லவில்லையே, வாரியம்தானே சொன்னது.

அந்தக் கோடையில் கம்பெனிக் கப்பல் முதல்தடவையாக எங்கள் விரிகுடாவுக்குள் வந்து, உறைந்த மீன் பெட்டிகளை இறக்கி ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ருசி சுமார்தான். ஆனாலும் கப்பல்காரரிடம் ஓஹோ என்று சொன்னோம்.

குளிர்காலம் வந்ததும் ஈவாலு பனிக்குப் போனாள். லாரியை ஜேபூட்டி ஓட்டினார். அம்மா வேலைக்குப் போனால் பிள்ளைதானே வீட்டைப் பார்க்க வேண்டும். மீன் வந்துகொண்டிருந்தது, ஆனால் ஒரு புதுக் கஷ்டமும் கூடவே வந்தது. கொடுத்துப் பழகிய கைக்கு மறுக்கத் தெரியவில்லை. யாராவது பனிவண்டியில் வந்து ராட்டினத்துக்குப் பக்கத்தில் சும்மா நின்றாலே போதும், அவளுக்கு உடம்பு கூசும். வாய் திறந்து யாரும் கேட்பதில்லை, நிற்பதோடு சரி. நாலு பேரைக் கண்ணைத் திருப்பிக்கொண்டு அனுப்பிவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மோசசீ சொன்னார். பிறகு ஓலீப்பா வந்து நின்றாள்.

தன்னை உலகத்துக்கு இழுத்துப் போட்டவளை எப்படித் திருப்பி அனுப்புவது? அந்த வருஷம் பனி முன்கூட்டியே இளக ஆரம்பித்திருந்தது. இன்னும் எவ்வளவு குறைகிறது என்று டேரனுக்குத் தெரியும், ஈவாலு கேட்கவில்லை. பெரியதாக ஒரு மீனை எடுத்து ஓலீப்பாவின் கையில் கொடுத்தாள்.

“இது உனக்குத்தான். ஆனா நேரா வீட்டுக்குப் போவாதே. டேரன் தராசுல ஒருதரம் வச்சு எடுத்துட்டுப் போ.”

“என் மீனையா? எடை போட்ட மீன் ருசிக்குமாடி?”

“போட்டாத்தான் அடுத்த வருஷமும் உனக்கு மீன் தர முடியும்.”

ஓலீப்பா முனகிக்கொண்டே போனாள். அவள் போவதைப் பார்த்து, முன்பு திருப்பி அனுப்பப்பட்டவர்களும் வந்தார்கள். விற்கிற மீன் ஒரு வாசல் வழியாகவும் கொடுக்கிற மீன் இன்னொரு வாசல் வழியாகவும் சங்கக் கொட்டகைக்குள் போய், ஒரே தராசில் ஏறி இறங்கின. கையில் ஆளுக்கொரு மீனோடு வரிசையில் நின்றோம், தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல. பனி உடைவதற்குச் சற்று முன்னால், டேரன் ஒருநாள் தராசிலிருந்து நிமிர்ந்து மீசைக்குள் சிரித்தார். பத்து டன்னைத் தொட்டுவிட்டது. அதைத் தொடவைத்தது எந்த மீன் என்று ஊரில் இன்றைக்கும் சண்டை. நான் கொண்டுபோனதுதான்.

ஈவாலு அப்போதும் பனியில் இருந்தாள். ஜேபூட்டி ரேடியோவில் கூப்பிட்டு, ஐந்து வருஷமும் உனக்குத்தான் அம்மா என்றார். எதிர்ப்பக்கத்தில் அவள் ராட்டினத்தை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு, இந்த மீனை வாங்குகிற தேசத்தில் அதை எப்படிச் சமைக்கிறார்கள், தலையைத் தின்பார்களா, எறிவார்களா என்று டேரனிடம் கேட்டு வைக்கச் சொன்னாள்.

டேரனுக்குத் தெரியவில்லை. எழுதிக் கேட்டிருக்கிறார்.